தயிர்ச் சட்டியின் பெயர் முதல் கருவாட்டுப் பெட்டி வரை: புலமைச் சொத்து (பெயர், கண்டுபிடிப்பு, வடிவம் போன்றவற்றின் மீதான உரிமை) கேள்வி-பதில்

எங்கள் எருமைத் தயிரின் பெயரைப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதிந்துள்ளோம். இன்னொருவர் அதே பெயரை ஒட்டிச் சட்டித் தயிர் விற்கிறார். தடுக்கலாமா? (கிண்ணியா)

அந்தப் பதிவு, தொழிலை நடத்துபவர் யார் என்பதை மட்டுமே காட்டும். பெயரின் மேல் தனியுரிமை வேண்டுமானால், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதியுங்கள். அதே பெயரோ, உச்சரிப்பில் ஒத்த பெயரோ ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: தயிர் 29ஆம் வகுப்பு, உணவகம் 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம் என்பதால், உண்மையில் விற்பதற்கு மட்டும் கட்டணம் கட்டுங்கள். ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் வெளியாகும். ஆட்சேபனைக்கு 3 மாதம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பதிவு கிடைக்கும்வரை நியாயமற்ற போட்டி என்று வழக்காடலாம். ஆனால் வாடிக்கையாளர் அந்தப் பெயரை உங்களுடையதாக அறிவார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பழைய பில், லேபல், திகதியுள்ள படம் எதையும் எறியாதீர்கள்.

'கிண்ணியா தயிர்' என்றே பதிந்தால் என்ன?

தனியொருவருக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஊர்ப்பெயரும் பொருட்பெயரும் அங்குள்ள எல்லா உற்பத்தியாளருக்கும் வேண்டியவை. ஊர்ப்பெயரைக் காக்க வேறு வழி உண்டு: புவியியல் குறியீடு, அதாவது ஊரால் பெயர்பெற்ற பொருளின் பெயரை அந்த ஊர் உற்பத்தியாளருக்குப் பொதுவாகக் காக்கும் பதிவு. இதன் பதிவுக்கு 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப் பதிவானது. உற்பத்தியாளர்கள் கூட்டாகச் சேர்ந்து பால் எந்த எல்லைக்குள் கறந்தது, எப்படி உறை ஊற்றுவது, யார் பரிசோதிப்பது என்று எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை இடைத்தரகரிடம் போகாமல் மாடு வைத்திருப்பவரிடம் வந்துசேர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கருவாடு உலர்த்தும் சூரியப் பெட்டி செய்து வீடியோவும் போட்டுவிட்டேன். ஆக்கவுரிமை (பேட்டன்ட்) போச்சா? (நிலாவெளி)

இலங்கையில் இல்லை. நீங்களே வெளியிட்டு ஓராண்டு ஆகுமுன் விண்ணப்பித்தால், அந்த வெளியீட்டைச் சட்டம் கணக்கில் எடுக்காது. ஐரோப்பாவில் இந்தச் சலுகை இல்லை. வீடியோ ஏறிய அன்றே புதுமை போய்விடும். அடுத்த முறை விண்ணப்பித்த பிறகே காட்டுங்கள். இங்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிற நாடுகளில் அதே முன்னுரிமைத் திகதியைக் கோரலாம்; அதாவது புதுமையை இங்கு விண்ணப்பித்த நாளை வைத்தே பார்ப்பார்கள்.

வெயிலில் உலர்த்துவது பழையது. உங்கள் பெட்டியில் ஈயும் ஈரமும் உள்ளே வராதபடி காற்றோட்டத்தைத் திருப்பியது எது என்பதுதான் உரிமைக்கோரலில் (எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும் பகுதி) வரவேண்டும். 'நான்கு துளைகள்' என்று எழுதினால் அடுத்தவர் ஐந்து போடுவார். 'காற்றால் உலர்த்தும் பெட்டி' என்றால் புதுமை இல்லையென்று விழும். காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டு; ஆண்டுக் கட்டணம் தவறினால் முன்பே முடிந்துவிடும். தோற்றம் மட்டுமே புதிதென்றால் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு போதும்: 5 ஆண்டு, இருமுறை நீட்டிக்கலாம்.

மசாலாக் கலவைக்கு ஆக்கவுரிமை எடுக்கலாமா?

ஆக்கவுரிமை கேட்டால் செய்முறை ஊரறிய வெளியாகும். அளவைப் பூட்டி வையுங்கள். வேலையாட்களிடம் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

ஜப்பானில் ஆக்கவுரிமையுள்ள இயந்திரத்தைப் பார்த்து இங்கே செய்யலாமா? (உப்புவெளி)

ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. இங்கு எடுக்கப்படாவிட்டாலோ, எடுத்துக் காலாவதியானாலோ, இங்கே தாராளமாகச் செய்து விற்கலாம்; ஜப்பானுக்கும், அந்த ஆக்கவுரிமை நடப்பிலுள்ள வேறு நாடுகளுக்கும் அனுப்ப முடியாது. உலக புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில் வரைபடத்தோடு முழு ஆவணமும் இலவசம். பட்டறை வைத்திருப்பவர்கள் அதைப் படிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆனால் இலங்கையில் அது நடப்பில் உள்ளதா என்பதைக் கொழும்பு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே இரும்பு வாங்குங்கள்.