மீனுக்குள் நஞ்சு எங்கே தங்குகிறது?

கேள்வி: தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுச் சமைத்தால் மீனில் உள்ள ரசாயன நஞ்சு போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. எந்த நஞ்சு என்று முதலில் கேட்க வேண்டும்.

டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் இரண்டும் தண்ணீரில் கரைவதே அபூர்வம், கொழுப்பில் சட்டென்று கரைந்துவிடும். செவுள் வழியாகவும், அதைவிட அதிகமாக இரை வழியாகவும் உள்ளே போய், இரத்தத்தோடு சுற்றி, கொழுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே தங்கிவிடும். காட் மீன் கொழுப்பை ஈரலில் சேர்த்து வைக்கும், அதனால் அதன் வெள்ளைச் சதையில் இந்த நஞ்சு கொஞ்சம்தான், ஈரலில் பல மடங்கு. சால்மன், ஹெர்ரிங் போன்றவற்றுக்குச் சதையிலேயே கொழுப்பு உண்டு, வயிற்றுப் பகுதியிலும் தோலுக்கு அடியிலும் இன்னும் அதிகம். இந்த வகை நஞ்சுக்கு நீங்கள் கேட்ட வழி நன்றாகவே உதவும், முழுதாக நீக்காது என்றாலும். சினையையும் மறக்க வேண்டாம்: கருவுக்காகத் தாய் மீன் கொழுப்பை முட்டைக்கு அனுப்பும்போது நஞ்சும் கூடவே போகிறது, அதாவது குஞ்சு பொரிவதற்கு முன்பே அதன் உடலில் பிசிபி இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம் வேறு ரகம். புரதத்தில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்வதால் அது சதையிலேயே உட்கார்ந்துவிடும். தோலை உரித்தாலும், கொழுப்பை வெட்டினாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது.

பிஎஃப்ஓஎஸ் என்ற ஃபுளோரின் சேர்மமும் கொழுப்பைத் தேடாது, இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஈரலிலும் இரத்தத்திலும் அதிகமாகச் சேரும். எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2001-இல் கையெழுத்தானபோது முதல் 12 வேதிப்பொருள்களில் டிடிடியும் பிசிபியும் இருந்தன, பிஎஃப்ஓஎஸ் 2009-இல்தான் பட்டியலில் ஏறியது.

அதனால்தான் சதையை மட்டும் சோதித்துவிட்டு 'இந்த மீன் பாதுகாப்பானது' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரலையும் சினையையும் விரும்பிச் சாப்பிடுபவர்களுக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

கேள்வி: அப்படியானால் சின்ன மீன் மேலா?

பதில்: பாதரசத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆமாம். சிறிய மீனைப் பெரியது தின்ன, அதை இன்னும் பெரியது தின்ன, ஒவ்வொரு படியிலும் பாதரசம் கூடிக்கொண்டே போகும். சுறா, வாள்மீன் போல நீண்ட காலம் வாழ்ந்து மற்ற மீன்களை வேட்டையாடுபவற்றில்தான் மிக அதிகம். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அவற்றைத் தவிர்த்துவிட்டு, மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்களைச் சாப்பிடலாம்.