டாக்டர் பார்த்தாரா, பார்க்கப் போகிறாரா?

கேள்வி: அயர்லாந்தின் கார்க் நகரில் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் வார்டில் பேசுவது பாதி புரியவில்லை. ‘தி டாக்டர் இஸ் ஆஃப்டர் சீயிங் ஹிம்’ என்றார் சக நர்ஸ். டாக்டர் இனிமேல்தான் வருவார் என்று காத்திருந்தேன். இந்தப் பேச்சுவழக்கை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே ‘ஆஃப்டர்’ இப்படி வந்தால், காரியம் இப்போதுதான் முடிந்தது என்று அர்த்தம். இது ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு. 1851 கணக்கெடுப்பில்கூட அங்கே ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐரிஷ் பேசினார். குடும்பங்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது பழைய இலக்கணமும் கூடவே வந்துவிட்டது.

அதனால் விநோதமான சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ‘க்ராக்’ என்றால் கலகலப்பு, அரட்டை. ‘யோக்’ என்றால் சட்டென்று பெயர் வராத ஏதோ ஒரு சாமான். இவை புதுச் சொற்கள் என்பதால் நீங்களே கேட்டுவிடுவீர்கள். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வரும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் கேட்கவே தோன்றாது. சீனியர் ‘கிவ்விங் அவுட்’ என்றால் திட்டிக்கொண்டிருக்கிறார். ‘யுவர் மேன்’ உங்கள் கணவர் அல்ல, ‘அந்த ஆள்’, அவ்வளவுதான். மருந்து ‘பிரெஸ்’ஸில் இருக்கிறது என்றால் அலமாரியில் தேடுங்கள். ‘ஐ வில், யா’ என்று இழுத்துச் சொன்னால் பெரும்பாலும் ‘மாட்டேன்’தான். ‘யீ’ என்றால் உங்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. நம் ‘நீங்கள்’ போல அதில் மரியாதை கிடையாது, பன்மை மட்டுமே.

உங்கள் வேலைக்கு முக்கியமான சொல் ‘க்ராண்ட்’. பிரமாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பரவாயில்லை’, ‘சரி’, ‘எனக்கு வேண்டாம்’ எல்லாமே அதுதான். டீ வேண்டுமா என்றால் ‘ஐ ஆம் க்ராண்ட்’, வலிக்கிறதா என்றாலும் ‘ஆ ஷூர், ஐ ஆம் க்ராண்ட்’. வயதானவர்களில் பலர் யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்றே இப்படிச் சொல்வார்கள். அதை வைத்து வலி இல்லை என்று குறித்துவிடாதீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள், திரும்பிப் படுக்கும்போது முகத்தைப் பாருங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது சந்தேகம் வந்தால், புரிந்ததை எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள்: ‘அப்படியென்றால் டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டாரா?’ இதில் கூச்சமே வேண்டாம், நல்ல நர்ஸ் செய்வது இதுதான். காது பழக, அயர்லாந்தின் பொது ஒலிபரப்பான ஆர்டிஈ ரேடியோ 1-இல் பிற்பகலில் வரும் ‘லைவ்லைன்’ கேளுங்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சாதாரண மக்கள் போனில் பேசுவார்கள்.

நீங்களும் அப்படிப் பேச அவசரப்பட வேண்டாம். ‘க்ராண்ட்’, ‘தேங்ஸ் எ மில்லியன்’ இரண்டும் போதும். ‘ஃபெக்’ அங்கே லேசான வசவுதான், ஆனாலும் நோயாளி முன்னால் வேண்டாம். கார்க்கில் ‘லாங்கர்’ என்று ஒன்று காதில் விழும். அது ஒருவரை மட்டம் தட்டும் சொல், அதைப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.