மகனுக்கு ஆட்டிசம். லைசென்ஸில் ‘ஆர்கன் டோனர்’ என்று இருந்தால் மூளை தானத்துக்கும் அதுவே போதுமா?

போதாது. நியூஜெர்சி, 19 வயது மகன், ஆட்டிசத்தோடு வலிப்பும் உண்டு, பதிவுப் படிவம் கையில் இருக்கிறது, ஆனால் இப்போதே கையெழுத்துப் போடுவது அபசகுனமாகப் படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸில் இருக்கும் குறி, முதன்மையாக இன்னொருவர் உடலில் பொருத்தும் உறுப்புகளுக்கானது. மூளை தானம் வேறு, அது ஆராய்ச்சிக்காகத் திசுவைச் சேமிக்கும் மூளை வங்கிக்குப் போவது. லைசென்ஸ் குறியைப் பார்த்து அந்த வங்கிக்கு யாரும் போன் போட மாட்டார்கள். அந்தப் போனை வீட்டில் ஒருவர்தான் செய்தாக வேண்டும். உறுப்பு தானமும் மூளை தானமும் சேர்ந்தே நடக்கலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக இருந்தால் மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மூளை எடுத்த உடலைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

அமெரிக்காவில் ஆட்டிசத்துக்கென்றே இதைச் செய்வது ஆட்டிசம் பிரெயின்நெட், சைமன்ஸ் ஃபவுண்டேஷன் பண உதவியில் 2014-இல் தொடங்கியது. பதிவு செய்வதால் எந்தக் கட்டாயமும் வராது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மரணத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினர் சம்மதம் சொன்னால்தான் எதுவும் நடக்கும். மூளையை எடுக்கவும் அனுப்பவும் ஆகும் செலவு வங்கியுடையது, இறுதிச் சடங்குச் செலவு உங்களுடையது.

“பிள்ளை நல்லா இருக்கும்போதே இதைப் பேசலாமா, பெத்தவங்களா இவங்க” என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இங்கே எதிரி நேரம். மரணத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் மூளையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. அந்த ஒரு நாளில்தான் ஊருக்குச் சொல்வதும், டிக்கெட் போடுவதும், அழுவதும் நடக்கும். அந்த நேரத்தில் ‘மூளை வங்கி என்றால் என்ன’ என்று முதல் முறையாகக் கேட்கும் குடும்பம் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லும். அதில் தப்பே இல்லை. ஆனால் கொடுக்க விரும்பும் குடும்பங்களும் அதே பதற்றத்தில் நேரத்தைத் தவறவிடுகின்றன.

காரியம் கெடுவது எங்கே என்றால், முதலில் எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது. ஃபியூனரல் ஹோமில் உடல் போய்ச் சேர்ந்ததுமே அதற்குத் தயாராகிவிடுவார்கள். உடலை இந்தியாவுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் எம்பாமிங் சான்றிதழும் வேண்டும், அதனால் இன்னும் அவசரப்படுவார்கள். மருந்து ஏறிவிட்டால், எந்த மரபணுக்கள் வேலை செய்தன என்று காட்டும் ஆர்என்ஏ ஆய்வுக்கு அந்த மூளை உதவாது. “மூளையை எடுக்கும்வரை எம்பாம் செய்யாதீர்கள்” என்ற ஒரு வரியை மறக்காமல் சொல்ல வேண்டும். அதுவரை உடல் சுமார் 4 டிகிரி குளிர்பெட்டியில் இருக்கட்டும். உறைய விடக் கூடாது. மெதுவாக உறையும் திசுவில் பனிப் படிகம் பெரிதாக வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும்.

இரண்டாவது, மெடிக்கல் எக்ஸாமினர், திடீர் மரணங்களின் காரணத்தை விசாரிக்கும் அரசு மருத்துவர். வலிப்பு உள்ளவருக்குத் தூக்கத்தில் திடீர் மரணம், நீரில் மூழ்குதல் போன்றவை அவர் கைக்குத்தான் போகும். அவருடைய அனுமதி இல்லாமல் வங்கி எதையும் தொட முடியாது. சம்மதம் சொல்லும்போதே உடல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டால் மீதியை வங்கியே பேசிக்கொள்ளும்.

முகம் கெட்டுவிடுமோ என்ற பயம் நம் வீடுகளில் அதிகம். வெட்டு தலையின் பின்பக்கம், ஒரு காதின் பின்னாலிருந்து மறு காதுவரை போகும். தைத்த பிறகு முடிக்குள் மறைந்துவிடும், நீராட்டலாம், திறந்தே வைக்கலாம். மொட்டைத் தலையானால் கோடு தெரியும், ஒரு துணி போதும்.

எடுத்த மூளையை வழக்கமாக நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குப் போகும். அது உள்ளே ஊறி முடிய வாரக்கணக்காகும். வடிவம் அப்படியே நிற்பதால் செல்களை எண்ணவும் நுண்ணோக்கியில் பார்க்கவும் இதுதான் நல்லது. மறு பாதியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வில்லைகளாக அறுத்து வேகமாக உறைய வைத்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். ஆர்என்ஏ, புரதம் எல்லாம் அதில்தான். நீண்ட நாள் வெண்டிலேட்டரில் இருந்தவர் என்றால் திசுவில் அமிலத்தன்மை ஏறி ஆர்என்ஏ உடைந்திருக்கும். அதற்காக நீங்களே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள், டிஎன்ஏ அவ்வளவு சீக்கிரம் அழியாது. எது பயன்படும் என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

2014-இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் இருந்த 11 குழந்தைகளில் 10 பேரின் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) செல் வரிசைகள் குலைந்த சிறு சிறு திட்டுகள் தெரிந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த 11 குழந்தைகளில் ஒருவரிடம் மட்டும் இருந்தது. உயிரோடு இருப்பவருக்கு எடுக்கும் ஸ்கேனில் இவ்வளவு நுணுக்கம் தெரியாது. ஆனால் 11 என்ற எண்ணைக் கவனியுங்கள். திசு அவ்வளவு அரிது.

ஒப்பீட்டு மூளையும் அரிதுதான். கேள்வி இதுவல்ல என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாரும் ஆட்டிசம் உள்ள குடும்பத்திடமே வந்து கேட்கிறார்கள். எந்தக் குறைபாடும் இல்லாதவரின் மூளை பக்கத்தில் இல்லாவிட்டால் எந்த வித்தியாசத்தை அளப்பது? அக்கா, தம்பி, சித்தப்பா யார் வேண்டுமானாலும் பதியலாம். “பாவம், நல்ல காரியம்” என்று சொல்லிவிட்டு நகரும் உறவினர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

“கொடுத்த மூளையே ஃபிரீசரில் கெட்டுப்போச்சே” என்பவர்களும் உண்டு. உண்மைதான். 2012-இல் பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனை வங்கியில் ஒரு ஃபிரீசர் நின்றுபோனது. வெளியே காட்டிய அளவு மைனஸ் 79, உள்ளே எல்லாம் உருகியிருந்தது, இரண்டு அலாரமும் அடிக்கவில்லை. சுமார் 150 மூளைகள், அதில் 50-க்கு மேல் ஆட்டிசம் உள்ளவர்களுடையவை. பல மூளைகளின் மறுபாதி ஃபார்மலினில் இருந்ததால் அது தப்பியது. இரண்டாண்டு கழித்து வந்த பிரெயின்நெட் பாஸ்டன், நியூயார்க், டல்லஸ், சாக்ரமென்டோ என்று நான்கு ஊர்களில் தொடங்கியது.

பள்ளியின் ஐஇபி (மகனுக்கான சிறப்புக் கல்வித் திட்டம்), முதல் நோயறிதல் அறிக்கை, மரபணுப் பரிசோதனை, வலிப்பு மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பின்னாளில் உங்களிடம் மகனின் சிறுவயது பற்றி நீண்ட பேட்டி எடுப்பார்கள். எப்போது பேசினான், எதற்குக் காதைப் பொத்தினான் என்பது தெரியாவிட்டால் கண்ணாடித் தகட்டில் பார்ப்பதற்குப் பாதிப் பொருள்தான்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கிருந்து மூளையை அமெரிக்காவுக்கு அனுப்ப வழி இல்லை. பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்குகிறது, அங்கே விசாரியுங்கள்.

படிவத்தை நிரப்புவதற்கு முன் மகனிடமே கேளுங்கள். 19 வயது. பேச்சு குறைவாக இருந்தாலும் படம் காட்டி, அவனுக்குப் பழகிய சொற்களில், ஒரே நாளில் முடிக்காமல் நாலைந்து முறை சொல்லுங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் படிவத்தை மடித்து வைத்துவிடுங்கள்.