வீட்டுக்குள் வளர்ந்த செடியை வெயிலுக்குப் பழக்குவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒரு வருஷமாக ஹாலில் இருந்த மணி பிளான்ட்டைப் பால்கனிக்கு மாற்றினேன். இரண்டே நாளில் இலைகள் வெளுத்து, நடுவில் காகிதம் மாதிரி காய்ந்துவிட்டன. ஏதாவது நோயா?

பதில்: நோய் இல்லைம்மா, வெயில் சுட்டிருக்கிறது. ஜன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஹாலில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நம் கண் அதைச் சமாளித்துவிடும், இலையால் முடியாது. நிழலில் விரிந்த இலை மெல்லிசு. திடீரென்று கொட்டும் ஒளியைப் பயன்படுத்த முடியாமல் அதன் பச்சையமே சிதைந்துவிடும். செடியை உடனே நிழலுக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்த இடம் மறுபடி பச்சையாகாது. ஆனாலும் பாதிக்கு மேல் பச்சை இருக்கிற இலையை வெட்டிவிடாதீர்கள், இப்போது செடிக்குச் சோறு போடுவதே அதுதான்.

கேள்வி: அப்படியென்றால் எத்தனை நாளில் பழக்கலாம்?

பதில்: மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். முதல் வாரம் பால்கனியிலேயே வெயில் நேராக விழாத மூலை. அடுத்து, காலை எட்டு மணிக்குள் அரை மணி நேர வெயில். மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி கூட்டலாம். மணி பிளான்ட்டுக்குக் காலை வெயில் இரண்டு மணி நேரம் தாராளம். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் 50 சதவீத நிழல் வலை கட்டாமல் வைக்காதீர்கள். பழைய இலை ஓரளவுக்குத்தான் பழகும். வெயிலுக்கென்று தடித்து வருவது புதுத் துளிர்தான், அது வரும்வரை அவசரப்படக் கூடாது. கத்திரி வெயிலில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

கேள்வி: சென்னையில் எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. செடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மே மாதம் தாங்கியது, மார்கழியில் கருகுகிறதே?

பதில்: நல்லாக் கவனித்திருக்கிறீர்கள். மே மாதம் நம் ஊரில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும், மேல் மாடித் தளமே உங்கள் செடிக்குக் குடை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் வெயில் பால்கனிக்குள் ஆழமாக வந்து விழும். செடி நகரவில்லை, வெயில்தான் நகர்ந்து வந்திருக்கிறது. கார்த்திகையிலேயே தொட்டியைச் சுவரோரம் தள்ளிவையுங்கள்.

கேள்வி: அடீனியம் வெயில் செடிதானே, நர்சரியிலிருந்து வாங்கி நேரே மொட்டை மாடியில் வைக்கலாமா?

பதில்: அங்கே அது எங்கே நின்றது என்று பார்த்தீர்களா? பச்சை வலைக்கு அடியில் என்றால் அதற்கும் பத்து நாள் பழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அடித்தண்டிலேயே சூட்டுத் தழும்பு விழும்.

கேள்வி: பீஸ் லில்லி?

பதில்: நேர் வெயிலே வேண்டாம். ஜன்னலோர வெளிச்சம் போதும்.

கேள்வி: இடம் மாற்றும்போதே தொட்டியையும் மாற்றி உரம் போடலாமா?

பதில்: வேண்டாங்க. ஒரே நேரத்தில் இரண்டு கஷ்டம் கொடுக்காதீர்கள். புதுத் துளிர் வந்தபின் உரம். தண்ணீர் மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் தேவைப்படும், விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.