விருப்பம் என்று வந்ததும் கணினி ஏன் திணறுகிறது? (கேள்வி பதில்)

கேள்வி (பள்ளி ஆசிரியை): 60 ஆசிரியர்களுக்கு, ஆளுக்குக் காலை அல்லது மதியம் ஒதுக்க நிரல் எழுதினேன் சார். எல்லா நிபந்தனையும் பொருந்துமா என்றால் நொடியில் சொல்கிறது. பொருந்தாதபோது, 'முடிந்தவரை அதிக நிபந்தனைகளைக் காப்பாற்று' என்றால் ராத்திரி முழுக்கச் சுற்றுகிறது. நிரலில் பிழையா?

பதில்: பிழை இல்லை மேடம், கேள்வியே மாறிவிட்டது. உங்கள் நிபந்தனை ஒவ்வொன்றும் இரண்டு பேரைத்தான் தொடுகிறது: 'கணக்கு டீச்சர் காலை என்றால் அறிவியல் டீச்சர் மதியம்.' ஒருவரை முடிவு செய்தால் அடுத்தவர் தானாக முடிவாவார். அந்தச் சங்கிலி 'கணக்கு காலை'யில் புறப்பட்டு 'கணக்கு மதிய'த்தில் முட்டி, மதியத்தில் புறப்பட்டாலும் காலையில் வந்து முட்டினால்தான் தீர்வு இல்லை. 2-சாட் என்ற இந்தக் கணக்கை நிபந்தனைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில் முடிக்க 1979-ல் ஆஸ்ப்வால், பிளாஸ், டார்ஜன் வழி சொன்னார்கள். சிலவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்றதும் சங்கிலி எதையும் கட்டாயப்படுத்தாது. எந்தக் கண்ணியை அறுப்பது என்பதே கேள்வி. இதன் பெயர் மேக்ஸ்-2-சாட். இது என்பி-கடினம், அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை, என்று 1976-லேயே நிறுவிவிட்டார்கள்.

கேள்வி: அப்படியென்றால் கைவிட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். 20 பேர் என்றால் 10,48,576 வகைதான், லேப்டாப்புக்குத் தூசு. 60 என்றால் 19 இலக்க எண், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீராது. தேவையில்லாத கிளைகளை வெட்டிக்கொண்டு போகும் மேக்ஸ்-சாட் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றிடம் கொடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, 'தோசை என்றால் சட்னி, இட்லி என்றால் சாம்பார்' மாதிரி விருப்பங்களை எப்படிக் கையாள்வது?

பதில்: அதற்குத்தான் சிபி-நெட்: எந்த விருப்பம் எதைச் சார்ந்தது என்று காட்டும் வரைபடம். மற்றது மாறாதபோது இட்லியைவிடத் தோசை மேல் என்றும் வைத்துக்கொள். சிறந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம்: முதலில் தோசை, அப்புறம் சட்னி. இரண்டு தட்டை ஒப்பிடுவதுதான் வம்பு. இட்லி-சட்னியிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒவ்வொரு முறையும் மேம்படும்படி மாற்றி, தோசை-சட்னிக்குப் போக முடியுமா? இங்கே ஒரே படி. பண்டங்கள் பெருகினால் படிகளும் கட்டுக்கடங்காமல் பெருகலாம். விருப்பங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருக்கவும் இடம் கொடுத்தால், இந்த ஒப்பீடு பி-ஸ்பேஸ் முழுமை (என்பி-முழுமைக் கணக்குகளைவிடவும் கடினம் என்று கருதப்படும் வகை) என்று 2008-ல் காட்டினார்கள்.

கேள்வி: இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களைப் பார்த்து ஜோடி சேர்க்கும் கேல்-ஷாப்லி முறை சட்டென்று முடிக்கிறதே?

பதில்: முடிக்கும், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கும் வரை. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை ஒதுக்கும்போது கணவன் மனைவி ஒரே ஊர் கேட்டால், நிலையான ஒதுக்கீடு, அதாவது மருத்துவர்களும் மருத்துவமனைகளும் தங்களுக்குள் பேசி மாறிக்கொள்ள விரும்பாத ஒதுக்கீடு, இல்லாமலே போகலாம். இருக்கிறதா என்று பார்ப்பதே என்பி-முழுமை, அதுவும் என்பி-கடின வகைதான் (ரான், 1990). ஆனாலும் ரோத்தும் பெரன்சனும் வடிவமைத்த முறை 1998 முதல் தம்பதிகளையும் சேர்த்தே அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.