கேசினோ வரையும் ஆர்க்கிடெக்ட்: கடிதமும் பதிலும்

வணக்கம். நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவன். படிப்பு முடிந்ததும் கேசினோ ரிசார்ட் வடிவமைப்பில் இறங்க ஆசை. சொன்னால், "கடிகாரமும் ஜன்னலும் இல்லாத கூடத்துக்கு ஜிகினா ஒட்டும் வேலை அது" என்கிறார்கள். உண்மையில் அங்கே ஆர்க்கிடெக்டுக்கு என்ன வேலை? யாருடைய கட்டடங்களைப் பார்த்துக் கற்கலாம்?
ர.

அன்புள்ள ர.,

ஜன்னல் இல்லாத கூடம் என்பது பழைய கதை. லாஸ் வேகஸில் 1998இல் திறந்த பெல்லாஜியோ கேசினோ ஹோட்டலில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு தோட்டமே இருக்கிறது. அலங்காரத்தை விட்டுவிட்டு பிளானைப் பாருங்கள். அதற்கு மார்ட்டின் ஸ்டெர்ன் ஜூனியரிடமிருந்து தொடங்குவது நல்லது.

லாஸ் ஏஞ்சலஸில் காபி ஷாப்புகள் வரைந்தவர் அவர். 1950களில் லாஸ் வேகஸ் விடுதி வேலைகளுக்கு வந்தார். 1969இல் தொழிலதிபர் கிர்க் கெர்கோரியனுக்காக அவர் வடிவமைத்த இன்டர்நேஷனல் ஹோட்டலில் மூன்று கைகள் விரிகின்றன, நடுவில் லிஃப்ட். 1,500க்கும் மேற்பட்ட அறைகளை ஒரே நீள வரிசையில் வைத்தால் கடைசி அறைக்காரர் நடந்தே ஓய்ந்துவிடுவார். மூன்றாகப் பிரித்ததும் தாழ்வாரம் சுருங்கியது. ஜோயல் பெர்க்மன் வரைந்த மிராஜ் (1989), ட்ரெஷர் ஐலண்ட் (1993) இரண்டிலும் அதே மூன்று கைதான்.

சிக்கல், அறைகள் அடுக்கிய டவருக்கு அடியில் இருக்கிறது. அறைச்சுவர் நான்கு, நாலரை மீட்டருக்கு ஒன்று வரும். இரண்டு அறைக்கு ஒரு தூண் வைத்தால் எட்டு, ஒன்பது மீட்டர் இடைவெளி. அந்தத் தூண்கள் அப்படியே சூதாட்டத் தளத்தில் இறங்கினால் மேசை வரிசை குலையும், கேமரா பார்வை மறையும். மேல் தூணின் சுமையைத் தாங்கி வேறு இடத்துத் தூணுக்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் பீம் போட்டுத் தூணை நகர்த்தலாம். ஆனால் பீமின் ஆழம் ஏசி டக்ட் போகவேண்டிய இடத்தைத் தின்றுவிடும். டவரைப் பின்னுக்குத் தள்ளி, கேசினோவைத் தாழ்ந்த அகலக் கூடமாக முன்னால் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

சீலிங் பிளான்தான் இந்தத் துறையின் கடினமான தாள். விளக்கு, ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் நீர்த் தெளிப்பான்), ஏசி, கேமரா நான்கும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சீட்டு, சில்லு, கை, முகம் எல்லாமே கேமராவில் தெரிந்தாக வேண்டும். சரவிளக்கை அரை மீட்டர் இறக்கினால்கூட ஒரு மேசை மறைந்துபோகலாம். தரையிலும் கவனம் வேண்டும். ஸ்லாட் மெஷின்களை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். மின்சாரத்துக்கும் டேட்டாவுக்கும் முன்கூட்டியே வழி விடாவிட்டால் பிறகு ஸ்லாபைத் துளைக்க வருவார்கள். அது உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கிய போஸ்ட் டென்ஷன் ஸ்லாபாக இருந்து, துளை இழுகம்பியில் பட்டால் பெரிய ஆபத்து.

ஸ்டெர்ன் வடிவமைத்து 1973இல் லாஸ் வேகஸில் திறந்த பழைய எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலை இதைவிடக் கவனமாகப் படியுங்கள். 1980 நவம்பர் 21 காலை, கீழ்த்தள டெலி உணவகத்தில் குளிர்பெட்டிக்குப் போன மின்வயர் பழுதாகித் தீ பிடித்தது. கேசினோவிலும் டெலியிலும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. 24 மணி நேரமும் ஆள் புழங்கும் இடம், தீயை யாராவது உடனே பார்த்துவிடுவார்கள் என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். ஆனால் டெலி பிற்பாடு இரவில் மூடப்படலாயிற்று. விலக்கு மட்டும் அப்படியே நின்றது. இறந்தவர்கள் 85 பேர். பெரும்பாலானோர் தீயே எட்டாத மேல்மாடிகளில், புகையில். லிஃப்ட் குழி, படிக்கட்டு, நிலநடுக்கத்துக்காக விட்ட இடைவெளி என்று எல்லா வழியிலும் புகை ஏறியது. தீ வந்தால் ஏசி குழாயை மூடவேண்டிய டாம்பர்களில் (தடுப்புக் கதவுகளில்) சில, மூட முடியாதபடி போல்ட் போடப்பட்டிருந்தன. படிக்கட்டுக்குள் போனவர்களால் கதவைத் திறந்து திரும்ப உள்ளே வர முடியவில்லை. மறு ஆண்டே நெவாடா, பழைய உயரக் கட்டடங்களுக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது.

ஆகவே ஒரு விலக்கு எந்த நிபந்தனையில் கிடைத்தது என்பதை வரைபடத்திலேயே எழுதிவையுங்கள். அறையின் பயன்பாடு மாறும்போது அடுத்த ஆர்க்கிடெக்டுக்கு அது தெரிய வேண்டும். படிக்கட்டுக்குள் புகை வராமல் காற்றழுத்தம் கொடுக்கும்போது, அழுத்தம் கூடிப்போனால் முதியவரால் கதவைத் தள்ளவே முடியாது. காற்றழுத்தம், கதவைத் தள்ளும் விசை இரண்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வேலை தேடும்போது "கேசினோ" என்ற பெயரைத் துரத்த வேண்டாம். சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸில் சூதாட்டப் பரப்புக்குத் தொடக்கத்தில் சட்டம் விதித்த உச்சவரம்பு 15,000 சதுர மீட்டர்தான். மீதியெல்லாம் அறை, மாநாட்டுக் கூடம், கடை, சமையலறை. முதலில் பெரிய ஹோட்டல்கள் செய்யும் அலுவலகத்தில் சேர்ந்து, விருந்தினர் கண்ணில் படாத பகுதிகளைக் கேட்டு வாங்குங்கள்: சரக்கு இறங்குமிடம், சலவை, ஊழியர் தாழ்வாரம். பணப்பெட்டி மேசையிலிருந்து எண்ணும் அறைக்குப் போகும் வழியை வரைய அந்தப் பயிற்சிதான் கைகொடுக்கும். அமெரிக்காவில் உரிமம் வேண்டுமென்றால் வழக்கமான பாதையில் 3,740 மணி நேரப் பயிற்சியும் ஆறு பிரிவுத் தேர்வும் உண்டு. இந்தியாவில் ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்வதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது முகப்புப் படங்களோடு, நீங்களே போட்ட ஒரு சீலிங் பிளானையும் தீயின்போது ஆட்கள் வெளியேறும் வழிப் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.