ரசலும் பிரமிடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த பெண் ஒருவர் பணிபுரிகிறார். அந்தச் சபைக்கு வித்திட்ட ரசல் ஒரு ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்; தனிச் சடங்குகளும் சின்னங்களும் கொண்ட ஒரு சகோதரத்துவச் சங்கத்தின் உறுப்பினர்) என்றும், அவருடைய கல்லறை மேல் பிரமிடு கட்டியிருப்பதே அதற்குச் சாட்சி என்றும் மற்றொருவர் அவரிடம் அடித்துச் சொல்கிறார். இது உண்மையா?
வாசகி, பெரம்பூர்

பதில்: சார்லஸ் டேஸ் ரசல் ஃப்ரீமேசனாக இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேசனாவதற்கு ஒருவர் ஒரு லாட்ஜில், அதாவது மேசன்களின் உள்ளூர்க் கிளையில், விண்ணப்பித்து, உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் தேறி, சடங்குடன் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும். அது பதிவேட்டில் ஏறும். ரசலின் பெயர் உள்ள அப்படியொரு பதிவேட்டை, இத்தனை ஆண்டுகளாகக் குற்றம் சாட்டுகிறவர்களில் ஒருவரும் காட்டியதில்லை.

பிரமிடு இருந்தது உண்மைதான். 1916 அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தில் ரயில் பயணத்தின்போது இறந்த ரசல், பிட்ஸ்பர்க் அருகே அடக்கம் செய்யப்பட்டார். ஏறத்தாழ ஏழு அடி உயரக் கல் பிரமிடு ஒன்றைச் சில ஆண்டுகள் கழித்து அவருடைய இயக்கத்தார் அங்கே நிறுவினர். அது நின்றது அவர் கல்லறையின் மேல் அன்று, சபைக்குச் சொந்தமான மனையின் நடுவில். அவருக்கென்று தனிக் கல்லறைக்கல் சற்றுத் தள்ளி இருக்கிறது. 2021-இல் பிரமிடு அகற்றப்பட்டுவிட்டது.

பிரமிடு ஏன் என்பதற்கு ரசலின் எழுத்துகளே விடை தருகின்றன. எகிப்தின் பெரிய பிரமிடு கடவுள் கல்லில் எழுதிவைத்த சாட்சி என்றும், அதன் உள்வழிகளை அளந்தால் வேதாகமக் காலக்கணக்கு கிடைக்கும் என்றும் அவர் நம்பினார். ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளராக இருந்த பியாசி ஸ்மித் போன்றோர் 19-ஆம் நூற்றாண்டிலேயே பரப்பிய கருத்து இது. ரசலுக்குப் பின் தலைமையேற்ற ரதர்ஃபோர்டு 1928-இல் இதை வெளிப்படையாகவே கைவிட்டார். மேசன்களின் தலையாய அடையாளமோ கட்டடக் கொத்தனாரின் மூலைமட்டமும் கவராயமும். ரசல் தொடங்கிய 'காவற்கோபுரம்' இதழின் அட்டையில் 1931 வரை இருந்த சிலுவையும் கிரீடமும் மேசன்களில் ஒரு பிரிவினரிடம் உண்டு என்றாலும், அந்நாளைய கிறிஸ்தவ சபைகள் பலவும் அதே சின்னத்தைப் பயன்படுத்தின.

மற்றொரு 'ஆதாரம்', 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில் மேசன்களுக்குரிய மண்டபத்தில் ரசல் ஆற்றிய உரை. மெய்க்கிறிஸ்தவர்களைக் கடவுளின் ஆலயத்தைக் கட்டும் மேசன்களாக உருவகித்த அவர், அதே உரையில் தாம் ஒருபோதும் மேசனாக இருந்ததில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். உருவகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புவது நேர்மையாகாது. அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் மேசன்களின் மையம் இருக்கிறதே என்பார்கள். அது ரசல் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கட்டப்பட்டது. நம் மெரினாவில் காவல்துறைத் தலைமையகமாக விளங்கும் வெண்ணிறக் கட்டடம்கூட 1839-இல் மேசன்கள் தங்களுக்காகக் கட்டியதுதான். அதை வைத்து அங்கே பணிபுரிகிறவர்களை மேசன்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ரசலின் காலக்கணக்குகளில் எனக்கு உடன்பாடு இல்லை. அவற்றை எதிர்க்க விரும்புகிறவர் அவற்றோடு நேரடியாக வாதிடலாம். பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் நம்பிக்கையை ஒரு கல்லைக் காட்டிப் புண்படுத்துவது தவறு.

கேள்வி: அப்படியானால் அடையாறு பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்கள் மேசன்கள் என்பதும் வதந்திதானா?
வாசகர், திருவான்மியூர்

பதில்: இல்லை, இதற்கு ஆவணம் உண்டு. 1875-இல் நியூயார்க்கில் அச்சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட் அமெரிக்காவில் மேசனாக இருந்தவர். பின்னர் சபையின் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையார், பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொண்ட கூட்டு மேசன் அமைப்பில் 1902-இல் இணைந்து, அதை இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். அதை மறைக்கவும் இல்லை. ராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்த சுவாமி விவேகானந்தரும், நரேந்திரநாத் தத்தராக இருந்த இளம் வயதில், 1884-இல் கல்கத்தாவின் லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தவரே.